கணக்கு டியூஷன்: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் மாலை நேரத்தில் 5ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். என்னிடம்தான் சேர்க்க வேண்டும் என்றில்லை. ஒத்தக்கடையோ, வில்லாபுரமோ, திருமங்கலமோ, உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் யாரிடம் சேர்ப்பதாக இருந்தாலும் இவை உதவும்.

என் பிள்ளைக்கு டியூஷன் தேவையா, இல்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காலாண்டில் 48 வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்திக்குக் கணக்கு வரும். காய்ச்சலில் இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை, விட்டுப்போன பாடத்தை யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்கு டியூஷன் வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு அந்த ஒரு பாடத்தை முடித்தால் போதும். இன்னொருவனுக்குப் பின்னம் நடத்திய காலத்திலிருந்தே எதுவும் பிடிபடவில்லை. கைடைப் பார்த்து எழுதியும் மனப்பாடம் செய்தும் 48 வரை வந்து நிற்கிறான். அவனுக்குக் கட்டாயம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கணக்கு நோட்டைத் திறந்து, சரியாகப் போட்டிருக்கும் ஒரு கணக்கை எடுத்து, அதில் உள்ள எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். போட்டுவிட்டால் சரி. "இது மாதிரி எங்களுக்கு நடத்தவில்லை" என்று சொன்னால், நோட்டில் இருப்பது கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

90க்கு மேல் வாங்கும் பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காக டியூஷனில் தள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் விளையாடட்டும்.

எங்கே விட்டது என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு அநேகமாக இந்த வருடப் பாடம் மட்டும் பிரச்சினையாக இருக்காது. 4ஆம் வகுப்புக்கும் 7ஆம் வகுப்புக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் பிடி விட்டிருக்கும். அதன் மேல் வந்த பாடமெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை மாதம் டியூஷன் போனாலும், பள்ளியில் காலையில் கேட்டதையே மாலையில் இன்னொரு முறை கேட்பதாகத்தான் முடியும்.

ஒரு வெள்ளைத்தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக் கொடுங்கள். நேரக்கணக்கு வைக்காதீர்கள், திட்டாதீர்கள்.

503லிருந்து 278ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 225. பிள்ளை 375 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது, அதிலும் நடுவில் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது என்பது தெரியவில்லை. இது 3, 4ஆம் வகுப்புக் கணக்கு. 9ஆம் வகுப்புப் பிள்ளைகளும் இங்கே தடுமாறுவார்கள்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். விடை ஆறில் ஐந்து. ஐந்தில் இரண்டு என்று வந்தால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் கூட வருமா, குறைய வருமா?" ஐந்தில் இரண்டு என்பது அரையை விடக் குறைவு. அதைப் பிள்ளையே கவனித்து "அய்யோ, தப்பு" என்று சொன்னால் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். கவனிக்கவே இல்லை என்றால், பின்னம் என்றால் ஓர் அளவு என்பதே மனதில் பதியவில்லை.

0.35, 0.5 இரண்டில் எது பெரியது? 35 பெரியது என்பதால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. −3−5 எவ்வளவு? "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பாட்டைப் பிடித்துக்கொண்டு +8 என்பார்கள். அந்த விதி பெருக்கலுக்கு உரியது என்று யாரோ சொல்ல விட்டிருப்பார்கள். 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49. ஆனால் 8ஆம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் பலர் 9ஐயும் 16ஐயும் கூட்டி 25 என்று எழுதுவார்கள். இயற்கணிதத்தில் பாதி மார்க் போவது இந்த ஒரு தவறால்தான்.

கடைசியாக ஒரு வாக்கியக் கணக்கு: 5 முழம் மல்லிகை 150 ரூபாய் என்றால் 8 முழம் எவ்வளவு? ஒரு முழத்தின் விலையைக் கண்டுபிடித்து 240 என்று வந்தால், விகிதம் புரிந்திருக்கிறது.

விடை சரியோ தவறோ, ஒவ்வொன்றுக்கும் "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். விடையை விட அந்தப் பதில்தான் டியூஷன் எடுப்பவருக்கு வேண்டும். அந்தத் தாளை அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். நல்ல ஆசிரியர் அதைப் பார்த்தவுடன் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

9ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 5ஆம் வகுப்புப் பாடமா? பள்ளியில் போர்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறதே?

இரண்டையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். நான் செய்வது இது: ஒரு மணி நேர வகுப்பில் முதல் 20, 25 நிமிடம் பழைய பாக்கி. மீதி நேரம் பள்ளியில் இந்த வாரம் நடக்கும் பாடம். பழைய பாக்கியைச் சின்ன வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துச் சொல்லித்தருவதில்லை. வளர்ந்த பிள்ளைக்கு, கூட இருக்கும் மற்ற பிள்ளைகள் முன்னால் அது அவமானமாக இருக்கும். தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பின்னத்தைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகாது. 14 வயதுப் பிள்ளைக்கு 10 வயதில் புரியாதது இப்போது சீக்கிரம் புரியும். வேண்டியது, கேலி செய்யாத ஓர் ஆளும் தினமும் கொஞ்சம் பயிற்சியும்தான். "போர்ஷனை முதலில் முடியுங்க சார்" என்று அவசரப்படுத்தும் பெற்றோரிடம் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

16ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாகத் தெரிய வேண்டுமா?

10 வரை தயங்காமல் வர வேண்டும். 7 எட்டா 56 என்பதற்கு விரல் விட்டு எண்ணினால், பெரிய கணக்கின் நடுவில் கவனம் சிதறிவிடும். 12, 15 தெரிந்தால் நல்லது. 16, 17, 18 எல்லாம் தானாக வரும்போது வரட்டும். வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், இடையிடையே கேளுங்கள். 6 எட்டு சொல்வதற்கு 6 ஒன்றிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு அது பாட்டாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பது நல்லதா, பேட்சில் சேர்ப்பது நல்லதா?

பாக்கி நிறைய இருக்கிற பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, சந்தேகம் கேட்கவே வாய் திறக்காத பிள்ளை என்றால் ஆரம்பத்தில் தனியாகவோ, இரண்டு மூன்று பேரோடோ இருப்பது நல்லது. ஓரளவு கணக்கு வருகிற பிள்ளைக்குச் சின்ன பேட்ச்தான் பொருத்தம். பக்கத்தில் இருப்பவன் வேறு வழியில் போடுவதைப் பார்ப்பதும், அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பெரிய பயிற்சி.

ஒரு பேட்சில் எத்தனை பேர் என்று கேட்பதோடு விடாதீர்கள். ஒரு நாள் அனுமதி வாங்கி, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பென்சில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியரே போர்டில் எல்லாக் கணக்கையும் போட, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால், அங்கே எட்டுப் பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். பிள்ளைகள் போட, ஆசிரியர் நடந்து பார்த்துக்கொண்டே வந்தால் அது நல்ல இடம்.

தூரத்தையும் பாருங்கள். விளாங்குடியிலிருந்து அண்ணா நகருக்குப் பெயர் பெற்ற சார் என்று பஸ்ஸில் அனுப்பினால், போகவர ஆகும் நேரத்தில் வீட்டிலேயே பத்துக் கணக்குப் போட்டிருக்கலாம்.

கட்டணம் நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது?

ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கும். தனி வகுப்பென்றால் கூட, பேட்ச் என்றால் குறைய. மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒப்பிடாதீர்கள். மாதம் 1,500 ரூபாய், 12 வகுப்பு, ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் என்றால், மணிக்கு 125 ரூபாய். இன்னொரு இடத்தில் மாதம் 1,200, ஆனால் எட்டே வகுப்பு என்றால் மணிக்கு 150. இரண்டாவதுதான் விலை கூட. விடுமுறை மாதத்துக்குப் பணம் உண்டா, மாதிரித் தேர்வுக்குத் தனியாகக் கேட்பார்களா, பிள்ளை வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா என்பதையெல்லாம் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வருடம் முழுவதற்கும் மொத்தமாகக் கட்டச் சொன்னால் யோசியுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பணத்துக்காகப் பிள்ளை அங்கேயே உட்கார வேண்டியிருக்கும். மாதாமாதம் கட்டுவதுதான் இரு பக்கத்துக்கும் மரியாதை.

பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியரே டியூஷன் எடுக்கிறார். அவரிடமே சேர்க்கலாமா?

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், காலையில் அவரிடம் புரியாதது மாலையில் அவரிடமே புரியும் என்பது நிச்சயமில்லை. வேறு ஒருவர் வேறு விதமாகச் சொன்னால்தான் பல பிள்ளைகளுக்குத் திறக்கும். "சேராவிட்டால் மார்க் குறைப்பாரோ" என்ற பயத்தில் சேர்ப்பதாக இருந்தால், தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் நாங்கள் சேர்ப்போம். நீங்கள் அடிப்பீர்களா?

மாட்டேன். நீங்களும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதே 2009 சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அது பள்ளிக்கான சட்டம், ஆனால் காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். கணக்கில் தவறு செய்யாமல் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. அடி விழும் என்று தெரிந்தால் பிள்ளை தவறை மறைக்கும். அழித்துவிடும், அடுத்தவனைப் பார்த்து எழுதும், "புரிந்தது சார்" என்று பொய் சொல்லும். தவறு கண்ணில் படவில்லை என்றால் நான் எதைத் திருத்துவது? அதனால்தான் என் வகுப்பில் ரப்பரே கிடையாது. தவறான வரியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே சரியாக எழுதச் சொல்வேன். இரண்டும் நோட்டில் இருக்கட்டும்.

எத்தனை மாதத்தில் மார்க் ஏறும்?

முதலில் மாறுவது மார்க் அல்ல. வீட்டுப்பாடத்தைச் சொல்லாமலே எடுத்து வைப்பது, "இது எப்படி வந்தது?" என்று கேட்பது, தப்பாகப் போட்டாலும் தாளைக் காலியாக விடாமல் இருப்பது, இதெல்லாம் முதலில் வரும். இவை இரண்டு மாதத்துக்குள் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் பேசுங்கள். ஒருவேளை ஆசிரியரையே மாற்ற வேண்டியிருக்கும். ஜூனில் சேர்ந்த பிள்ளைக்கு அரையாண்டில் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பது என் கணிப்பு. அரையாண்டு முடிந்து ஜனவரியில் அழைத்து வந்துவிட்டு "சென்டம் எடுக்க வைங்க" என்றால், அது அந்தப் பிள்ளைக்குத்தான் பாரம்.

10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எப்படித் தயார்செய்வது?

மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். கணிதத் தாள் 100 மதிப்பெண். 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10. இந்த இரண்டு பகுதியிலும் கடைசிக் கேள்வி கட்டாயக் கேள்வி. கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35.

புத்தகத்தில் எட்டு அலகுகள். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். இதில் பெரியது இயற்கணிதம். வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, அணிகள் எல்லாம் அதற்குள்தான். பழைய பாக்கி இருக்கும் பிள்ளைக்குக் கடினமானதும் அதுதான்.

மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு ஒரு குறுக்குவழி எல்லாப் பள்ளியிலும் சொல்வார்கள். வடிவியலும் வரைபடமும் பழகினால் 16, ஒரு மதிப்பெண்ணில் 10, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி, மொத்தம் 36, பாஸ். ஜனவரியில் தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது சரியான வழி. ஆனால் ஜூனிலேயே ஒரு பிள்ளையை "நீ பாஸானால் போதும்" என்று இந்த வழியில் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். பத்து மாதம் கையில் இருக்கிறது. அதற்குள் பின்னத்தையும் மைனஸையும் சரிசெய்து இயற்கணிதத்தில் பாதியாவது எட்டிவிடலாம்.

வடிவியலில் உதவிப் படத்தை, அதாவது முதலில் கையால் போடும் மாதிரிப் படத்தை, விடக்கூடாது. பென்சில் கூர்மையாக இருக்க வேண்டும், காம்பஸ் ஆடக்கூடாது, வில்களை அழிக்கக்கூடாது. வரைபடத்தில் அளவுத்திட்டத்தை எழுத மறந்துவிட்டு வருவார்கள். இந்தச் சின்ன விஷயங்களில் போகும் மார்க் எனக்கு வயிற்றெரிச்சல். ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும்.

தேர்வுக்கு முன் முழுத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். வீட்டில், டிவி அணைத்துவிட்டு, நடுவில் எழாமல். தேர்வறையில் கேள்வித்தாளை வாசிக்கக் கொடுக்கும் 10 நிமிடத்தில், இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் எந்த 10 கேள்விகள் என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

முக்கோணவியல் எதற்கு என்று பிள்ளை கேட்கிறது. என்ன சொல்வது?

அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. கோபுரத்தின் அடியிலிருந்து அதே 170 அடி தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் ஏற்றக் கோணம், அதாவது பார்வை மேலே நிமிரும் கோணம், ஏறத்தாழ 45 பாகை. இன்னும் நெருங்கி, சுமார் 98 அடியில் நின்றால் 60 பாகை. கழுத்து எவ்வளவு நிமிர்கிறது என்பதைப் பிள்ளை உடம்பாலேயே உணரும். அப்புறம் புத்தகத்தில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் வரும்போது பிள்ளை தானாகவே படம் வரையும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

10ஆம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 பள்ளியின் அக மதிப்பீடு. கணிதத்தில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள். 2020 தேர்விலிருந்து இந்த முறை இருக்கிறது. பாடமும் புத்தகமும் ஒன்றுதான், கேள்வித்தாளின் கடினம்தான் வேறு. 11இல் கணிதம் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டர்டு எழுதுவதுதான் நல்லது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் கௌரவத்துக்காக ஸ்டாண்டர்டில் போடாதீர்கள். பயந்துபோய்ப் பேசிக்கிலும் போடாதீர்கள்.

அபாகஸ், வேதக் கணிதம் சேர்க்கலாமா?

பிள்ளைக்குப் பிடித்திருந்தால் சேர்க்கலாம், மனக்கணக்கு வேகமாகும். ஆனால் பின்னமோ, வாக்கியக் கணக்கோ அதனால் புரிந்துவிடாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கணக்கு டியூஷனுக்கே கொடுங்கள்.

6ஆம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்கிறார்களே?

எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பயிற்சி மையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 50 பேருக்கு மேல் படிக்கும் இடங்களைத்தான் அது பயிற்சி மையம் என்கிறது. நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் உண்டு. 11 வயதுப் பிள்ளைக்குத் தன் வகுப்புப் பாடத்தை முழுமையாகப் புரிந்துகொள்வதே அடித்தளம். அதில் இன்னும் வேண்டும் என்றால் கடினமான புதிர்க் கணக்குகள் கொடுங்கள், ஆனந்தமாகப் போடும்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றினோம். கணக்கில் திடீரென்று குறைந்துவிட்டது.

கணக்கு மறந்திருக்காது. கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதப் பழக்குங்கள். டியூஷன் எடுப்பவர் தமிழில் விளக்குகிறாரா என்று கேளுங்கள். ஆங்கிலத்திலேயே பேசுவதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் இந்தப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

எங்களுக்குக் கணக்குத் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

தெரிய வேண்டியதில்லை. தினமும் ஒரு கணக்கை எடுத்து "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். சமையலறையில் நின்றபடியே கேட்கலாம். பிள்ளை விளக்கும்போது எங்கே திணறுகிறதோ அங்கே ஒரு குறி போட்டு அனுப்புங்கள், போதும்.

கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறையைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விகிதமும் சதவீதமும் சரளமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுவதும், மறுநாள் இறங்குவதும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. அதே பிள்ளை பள்ளியில் சதவீதக் கணக்கைப் பார்த்து மிரள்கிறது என்றால், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "எனக்கும் கணக்கு வராது, அதான் இவனுக்கும் வரவில்லை" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

யூடியூப், மொபைல் ஆப் போதாதா?

நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அரசுப் பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, போனில் ஸ்கேன் செய்தால் பாடம் வரும். 2019 முதல் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. விட்ட பாடத்தைப் பார்க்க இவை போதும். ஆனால் வீடியோ பிள்ளையின் நோட்டைப் பார்க்காது. கேள்வியைப் படம் பிடித்தால் விடை தரும் ஆப்களை, தானே போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் கொடுங்கள்.

டியூஷனுக்குப் பணம் இல்லை. என்ன வழி?

முதலில் பள்ளியிலேயே கேளுங்கள். அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் 8ஆம் வகுப்பு வரை மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் பகுதியில் இப்போது யார் எடுக்கிறார்கள் என்று பள்ளியில் விசாரியுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைக்கு அது பெரிய வரம்.

8ஆம் வகுப்பு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு எழுதட்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதில் வரும் மனத்திறன் கேள்விகளுக்குப் பழகினாலே கணக்கு கூர்மையாகும். என்னைப் போன்றவர்களிடம் வந்தாலும் கட்டணத்தைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள்.

எவ்வளவு சொல்லியும் எண்களை மாற்றி மாற்றி எழுதுகிறது. சோம்பேறித்தனமா?

அந்த வார்த்தை வேண்டாம். முதலில் கண்ணைப் பாருங்கள். போர்டில் 8 என்று இருப்பதை 6 என்று எழுதும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். உலகமே தேடி வரும் அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரில் 1976லிருந்து இருக்கிறது. கண் சரி, வாசிப்பும் சரி, ஆனாலும் எண்களின் அளவே பிடிபடவில்லை, நேரம் பார்க்கவும் சில்லறை எண்ணவும் வரவில்லை என்றால், கணிதக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண டியூஷன் போதாது. எனக்கே அப்படித் தோன்றினால் மாதப்பணம் வாங்கிக்கொண்டே இருக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிடுவேன்.

பெண் பிள்ளையை மாலையில் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான், ஆண் பிள்ளைக்கும் அதே கவனம் வேண்டும். வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்று இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர் என்றால் ஹாலில் உட்காரட்டும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பிள்ளை திடீரென்று "அங்கே போக மாட்டேன்" என்றால், படிப்புக்குப் பயந்து சொல்கிறது என்று தள்ளாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐப் பிள்ளைக்கும் தெரியவையுங்கள்.

கோடை விடுமுறையில் டியூஷன் வேண்டுமா?

அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு வேண்டாம். பழைய பாக்கியைத் தீர்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் மலைக்குத் திரும்பட்டும், பிள்ளை நன்றாகத் தூங்கி விளையாடி எழட்டும். அதற்குப் பிறகு பள்ளி திறக்கும் வரை காலையில் வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் போதும். பள்ளிப் பாடத்தின் நெருக்கடி இல்லாததால், பின்னம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிக்கலாம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

பள்ளிக் கணக்கு நோட்டு, போன வருடத் தேர்வுத்தாள் இருந்தால் அது, மேலே சொன்ன சோதனைத் தாள். கோடு போடாத நோட்டு ஒன்று. 8ஆம் வகுப்புக்கு மேல் என்றால் ஜாமெட்ரி பாக்ஸ். புதிதாக வாங்க வேண்டாம், ஆனால் காம்பஸ் திருகு இறுக்கமாக இருக்கட்டும். பள்ளி விட்டு நேராக வராமல், வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும். பசியோடு வரும் பிள்ளைக்கு 503லிருந்து 278 கழிக்கவும் வராது. கைடு கொண்டுவர வேண்டாம்.